ஐயா வேர் சொல்லாத சொல்

என்னைப் பள்ளிக்கூடத்தாலை மறிக்கிறதுக்குப் பெத்த ஐயா சொன்ன காரணத்தை இண்டைக்கு நினைச்சாலும் எனக்குப் பத்திக்கொண்டு வரும். காசில்லை எண்டு சொல்லியிருந்தால் அழுதுபோட்டு இருந்திருப்பன். பெட்டை வளந்திட்டாள், இனி றோட்டாலை நடந்து திரியிறது சரியில்லை எண்டிருந்தாலும், ஊர் முழுக்கச் சொல்லுற கதைதானே எண்டு விட்டிருப்பன். அவர் சொன்னது வேறை.

"இங்கிலீசு முழுக்க எங்கடை தமிழிலையிருந்து களவெடுத்தது, பிள்ளை. சொந்தச் சாமான் வீட்டுக்கை கிடக்கேக்கை, களவுச் சாமானுக்கு ஏன் மாதாமாதம் காசு கட்டுவான்?"

அதே மனிசன் அதே கிழமைதான் அண்ணையைக் கொழும்புக்கு ரெயில் ஏத்தி விட்டவர். ஏன்? லண்டன் சோதனைக்கு இங்கிலீசு படிக்க. "அப்ப அண்ணைக்கு மட்டும் ஏன் களவுச் சாமான்?" எண்டு கேட்டன். "அவன் ஆம்பிளைப் பிள்ளை. களவு போனதைப் பிடிக்கிறதெண்டால் கள்ளன்ரை வீட்டுக்குப் போகத்தானே வேணும்" எண்டார். இப்பிடியான மூளையோடை ஒருத்தர் மலாயாவிலை எப்பிடி இவ்வளவு காலம் ரெயில் ஓடவிட்டவர் எண்டு நான் இண்டைக்கும் யோசிக்கிறனான்.

எங்கடை வீடு தெல்லிப்பழைப் பக்கம். இது ஜேர்மன்காரன்ரை ரண்டாம் சண்டைக்கு முந்தின காலம். ஐயா மலாயா ரெயில்வேயிலை ஸ்ரேசன் மாஸ்ரராய் இருந்து பென்சனோடை ஊருக்கு வந்தவர். மலாயாப் பென்சன்காரர் வந்து இறங்கேக்கை ஆளுக்கொரு விசரையும் கூட்டிக்கொண்டுதான் இறங்கினவை. ஒருத்தர் வீட்டு வாசலிலை மணி கட்டி, வராத ரெயிலுக்கு நேரத்துக்கு நேரம் அடிச்சுக்கொண்டிருந்தார். இன்னொருத்தர் கோழியளை மலாய்ப் பாசையிலை பேசிக் கலைப்பார். எங்கடை ஐயாவுக்குப் பிடிச்சது சொல் விசர்.

அது துவங்கினது ஒரு கோப்பை சூப்பாலை. ஐயாவின்ரை ஸ்ரேசனுக்கு வந்த ஒரு வெள்ளைக்காரத் துரை சாப்பிட்டுக்கொண்டிருக்கேக்கை, "இந்தச் சூப்பின்ரை பேர் உங்கடை ஆக்களின்ரை பாசை, தெரியுமோ?" எண்டு கேட்டிருக்கிறார். எங்கடை மிளகுதண்ணியைத்தான் அவங்கள் நாக்குப் புரளாமல் என்னவோ மாதிரிச் சொல்லிக் குடிக்கிறாங்கள். ஐயாவுக்கு அண்டைக்குத் தலை சுத்தினது, பிறகு நிக்கவேயில்லை. துரை ஊருக்குப் போகேக்கை தன்ரை பெரிய இங்கிலீசு அகராதியை ஐயாவுக்குக் குடுத்திட்டுப் போனார். அந்த மனிசன் போன இடத்திலை சந்தோசமாய் இருந்திருப்பார். அவர் விட்டிட்டுப் போன சனியனோடை கிடந்து மாரடிச்சது நாங்கள்.

சொல்லவேண்டியதைச் சொல்லத்தான் வேணும், துரை சொன்னது பொய்யில்லை. கட்டுமரம், சுருட்டு, கறி எண்ட சொல்லுகளும் எங்களிட்டையிருந்து போனதுதான். அகராதியிலை அப்பிடியே போட்டிருக்கு. ஐயா அதோடை நிப்பாட்டியிருந்தால் நானும் பெருமையாய்ச் சொல்லிக்கொண்டு திரிஞ்சிருப்பன். அவர் நிப்பாட்டினவரோ? ஸ்ரேசன் எண்டது "திசையன்" எண்டார், நாலு திசையிலையும் இருந்து சனம் வாற இடமாம். சிக்னல் எண்டது "செங்கண்ணாள்", சிவத்தக் கண் காட்டிறதாலை. டொக்குத்தர் எண்டது தொக்கம் எடுக்கிற "தொக்கத்தார்". பென்சன் எண்டது "பின்சனம்", வேலை முடிஞ்சு பின்னுக்குப் போன சனத்துக்குக் குடுக்கிறது. இந்தக் கடைசியைச் சொல்லிப்போட்டுத் தன்ரை நெஞ்சிலை தானே தட்டிச் சிரிப்பார்.

ஞாயிற்றுக்கிழமையளிலை சைவப் பள்ளிக்கூடத்துச் சட்டம்பியார் வருவார். அவருக்கு இங்கிலீசிலை ஒரு எழுத்தும் தெரியாது, ஆனபடியால் தீர்ப்புச் சொல்லுறது அவர்தான். ஐயா ஒரு இங்கிலீசுச் சொல்லைச் சொல்லுவார். சட்டம்பியார் கண்ணை மூடிக்கொண்டு எப்பன் நேரம் இருந்து ஒரு தமிழ்ச் சொல்லைக் கொண்டுவருவார். ரண்டும் பொருந்தாட்டி, "அது போற வழியிலை விகாரப்பட்டுப் போச்சு" எண்டு சொல்லித் தேத்தண்ணியை எடுப்பார். கப்பலிலை போற சொல்லெல்லே, உப்புக்காத்துப் பட்டு விகாரப்படாதோ எண்டு ஐயாவும் ஒத்து ஊதுவார். ரண்டு பேரும் ஒரு பின்னேரத்துக்குள்ளை அரைவாசி இங்கிலாந்தைப் பிடிச்சுப்போடுவினம்.

ஒவ்வொரு சொல் பிடிபட்ட உடனையும் ஐயா குசினிப் பக்கம் திரும்பி, "என்ன, சரிதானே?" எண்டு கேப்பார். குசினிக்கையிருந்து அம்மாவின்ரை குரல் வரும். "ஓம்." அவ்வளவுதான். அம்மா அங்கை பிட்டுக்கு மாக் குழைச்சுக்கொண்டிருப்பா, இல்லாட்டி தேங்காய் துருவிக்கொண்டிருப்பா. என்ன கேட்டவை எண்டு காதிலை விழுந்திருக்காது. அது முக்கியமுமில்லை. கேள்வி எதெண்டாலும் மறுமொழி ஓம்.

என்னைப் பள்ளிக்கூடத்தாலை மறிச்ச அண்டைக்கும் ஐயா அப்பிடித்தான் குசினிப் பக்கம் திரும்பிக் கேட்டவர். அம்மா அப்பிடித்தான் சொன்னவ. உண்மையைச் சொன்னால், ஐயாவின்ரை விசர்க் கதையைவிட அந்த ஓம்தான் எனக்கு நொந்தது. நான் அறைக்கை போய் அழுதன்.

எனக்கு வேண்டியிருந்தது பெரிய விசயமில்லை. இன்னும் ஒரு வருசம் படிச்சால் சீனியர் சோதனை எடுக்கலாம். எடுத்தால் ரீச்சராய்ப் போகலாம். பள்ளிக்கூடத்துப் பெரியம்மா, அவ மிசனாலை வந்த வெள்ளைக்காரி, வீட்டுக்கு ஆள் அனுப்பிச் சொல்லிவிட்டவ: அடுத்த தவணை துவங்கிற திங்கக்கிழமை வரைக்கும் என்ரை இடத்தை வைச்சிருப்பாவாம், அதுக்குப் பிறகு வேறை பிள்ளைக்குக் குடுத்திடுவாவாம். ஐயா வந்த ஆளுக்கு இளனி வெட்டிக் குடுத்து அனுப்பினார். மறுமொழி அனுப்பேல்லை.

வீட்டிலை இருந்த காலத்திலை எனக்குத் தந்த வேலையளிலை ஒண்டு அலுமாரி துடைக்கிறது. அலுமாரிக்கைதான் அகராதி. துடைக்கிற சாட்டிலை நான் அதை வாசிக்கத் துவங்கினன். ஒவ்வொரு சொல்லுக்குப் பக்கத்திலும் சின்ன எழுத்திலை அது எங்கையிருந்து வந்தது எண்டு போட்டிருக்கும். ஐயா அந்தச் சின்ன எழுத்தைப் பாக்கவே மாட்டார். "களவெடுத்தவன் தானே எழுதின புத்தகத்திலை களவை ஒத்துக்கொள்ளுவானோ?" எண்டு கேப்பார். நான் சின்ன எழுத்தை மட்டும்தான் வாசிச்சன். என்ரை கடவுளே, அதுக்கை எவ்வளவு கிடந்தது! கணக்கெழுதிற கிளாக்கர் எண்டது முந்திக் கோயில் குருமாருக்குச் சொன்ன பேராம், எழுத வாசிக்கத் தெரிஞ்சவை அந்த நாளிலை அவைதானாம். சம்பளத்துக்குச் சொல்லுற சலறி எண்டது உப்பிலையிருந்து வந்ததாம். ஸ்கூல் எண்டதுக்கு கிரேக்கப் பாசையிலை முதல் கருத்து ஓய்வாம். அதை வாசிச்சிட்டு நான் தனியச் சிரிச்சன். ஓய்வு இருக்கிறவைக்குத்தான் படிப்பு எண்டு அவங்கள் பேரிலையே எழுதி வைச்சிருக்கிறாங்கள். அண்ணைக்கு ஓய்வு இருந்தது. எனக்கு அலுமாரி இருந்தது.

எங்களிட்டையிருந்து போன இன்னொரு சொல்லும் அதுக்கை இருந்தது. எங்கடை ஊரிலை கோயில் வீதிக்கும் கிட்ட விடாமல் தள்ளி வைச்சிருந்த ஒரு சாதியின்ரை பேர். வெள்ளைக்காரன் அதை எடுத்து, ஒருத்தரும் அண்டாத மனிசன் எண்ட கருத்திலை உலகம் முழுக்க எழுதிறான். களவு போன சொல்லை எல்லாம் தேடித் திரிஞ்ச எங்கடை ஐயா இதை மட்டும் எங்கடை எண்டு ஒருநாளும் உரிமை கேக்கேல்லை. ஒருக்கால் நான் காட்டினன். "உது வேண்டாம். பக்கத்தைத் திருப்பு" எண்டார்.

சரி, அந்தக் காலத்திலைதான் சம்மந்தம் வந்தது. மாப்பிளை கொழும்பிலை கவுண்மேந்துக் கந்தோரிலை கிளாக்கர். நல்லூர்ப் பக்கத்து ஆக்கள். சாதகக் குறிப்புப் பொருந்தியிட்டுது. அவை கேட்டது வீடு, வளவு, நகை, அதோடை இங்கிலீசு தெரிஞ்ச பொம்பிளை. ஐயா தரகரிட்டைச் சொல்லி அனுப்பினதைக் கேளுங்கோ: "என்ரை மோள் இங்கிலீசுப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை." பள்ளிக்கூடத்துக்குக் காசு கட்டேக்கை களவுச் சாமான், கலியாணச் சந்தையிலை விக்கேக்கை நல்ல சாமான்!

அவை பொம்பிளை பாக்க வாறம் எண்டு சொன்னது, தவணை துவங்கிற திங்கக்கிழமைக்கு முந்தின வெள்ளிக்கிழமை. எனக்கு விளங்கியிட்டுது. அண்டைக்கு அவைக்குப் பிடிச்சால் ஆவணியிலை கலியாணம், என்ரை படிப்பு அதோடை சரி. அம்மா எனக்குத் தலை இழுத்துப் பூ வைச்சு விட்டா.

மாப்பிளையின்ரை தகப்பனும் தாயும் வந்தினம். மாப்பிளை வரேல்லை, அவருக்கு லீவு இல்லையாம். தகப்பன் புகையிலைத் தோட்டத்தை வித்து மோனைப் படிப்பிச்சவர், அதை வந்து கதிரையிலை இருந்த உடனையே சொல்லிப்போட்டார். நான் தேத்தண்ணி கொண்டுபோய் வைச்சன். அவர் என்னை ஏற இறங்கப் பாத்தார், நல்லூர்ச் சந்தையிலை வாழைக்குலை பாக்கிறமாதிரி.

"எங்கடை பொடியனுக்கு பெரிய இடங்களிலை பழக்கம், பாருங்கோ. வீட்டுக்கு வாற துரைமாரோடை இங்கிலீசிலை நாலு வசனம் கதைக்கிற ஒரு லேடியாய் இருக்கவேணும். அதுதான் அவன் கேக்கிறது" எண்டார். பிறகு என்னைப் பாத்து, "எங்கை பிள்ளை, ஏதும் இங்கிலீசிலை கதையும் பாப்பம்" எண்டார்.

நான் வாய் திறக்க முதல் ஐயா திறந்திட்டார். ஒரு கிழமையாய் அடக்கி வைச்சிருந்தது, பாவம். "அண்ணை, உந்த இங்கிலீசு எண்டது என்ன? முழுக்க எங்கடை தமிழ்தான்!" எண்டு துவங்கித் திசையன், செங்கண்ணாள், தொக்கத்தார் எண்டு ஒண்டுவிடாமல் அவிட்டு விட்டார். வந்தவரின்ரை முகம் கறுத்துக்கொண்டு வந்தது. கடைசியிலை கோப்பையைக் கீழை வைச்சிட்டுக் கேட்டார்:

"அப்ப நான் தோட்டம் வித்து என்ரை மோனுக்குப் படிப்பிச்சது தமிழோ?"

அந்த நேரம் நான் சும்மா நிண்டிருக்கலாம். நிண்டிருந்தால் ரண்டு கிழவரும் எப்பிடியும் சமாதானமாகியிருப்பினம், சாமான் விலைபேச வந்தவை தேத்தண்ணிக்கு மேலை சண்டை பிடிக்க மாட்டினம். திங்கக்கிழமை என்ரை கண்ணுக்கு முன்னாலை நிண்டது. எனக்கு அடக்கேலாமல் போச்சு.

"ஓம் மாமா, தமிழ்தானாம். அதுக்குத்தான் என்னையும் பள்ளிக்கூடத்தாலை மறிச்சவர். இங்கிலீசெல்லாம் தமிழெண்டால், தமிழ் தெரிஞ்ச எங்கடை ஊர்ப் பொடியங்களும் உங்கடை மோனும் ஒண்டுதானே? பிறகு ஏன் அவருக்கு மட்டும் இங்கிலீசு படிச்ச மாப்பிளையின்ரை சீதனம்?"

ஐயா "பிள்ளை!" எண்டார். நான் நிப்பாட்டேல்லை. துவங்கினால் நிப்பாட்டத் தெரியாதது எங்கடை குடும்பத்து வருத்தம், எனக்கு அது ஐயாவாலை வந்தது.

"ஐயா சொல்லுறது பிழை, மாமா. நாங்கள் குடுத்தது எப்பன், வாங்கினதுதான் கனக்க. நீங்கள் இருக்கிற கதிரை போர்த்துக்கீசன் தந்த சொல். மேசையும் அவன்ரை. அந்த அலுமாரியும், கோப்பையும், வாசலிலை கழட்டி வைச்ச சப்பாத்தும் அவன்ரை. அம்மா நிக்கிற குசினியும் அவன்ரை. உங்கடை மோன் போற கந்தோர் ஒல்லாந்தன்ரை. பின்வளவிலை இருக்கிற கக்கூசும் ஒல்லாந்தன்ரை. எல்லாம் பள்ளிக்கூடத்திலை படிப்பிச்சவை. அந்த ஒல்லாந்தச் சொல்லுக்கு வேர் சொல்லச் சொல்லி ஐயாவைக் கேளுங்கோ பாப்பம்."

மாப்பிளையின்ரை தாய் முந்தானையாலை வாயைப் பொத்தினா. சிரிச்சவவோ, அருவருத்தவவோ, எனக்குத் தெரியாது.

"லேடி வேணும் எண்டனீங்கள். அந்தச் சொல் எங்கையிருந்து வந்தது எண்டு அகராதியிலை இருக்கு. பழைய இங்கிலீசிலை அதுக்குக் கருத்து, பாண் ரொட்டிக்கு மாக் குழைக்கிறவள். லோர்ட் எண்டால் அந்தப் பாணைக் காவல் காக்கிறவன். ஒருத்தி நிண்டு குழைக்க ஒருத்தர் இருந்து காக்கிறது. அதுக்கு நீங்கள் நல்லூரிலையிருந்து இஞ்சை வரைக்கும் வந்திருக்கத் தேவையில்லை. மாக் குழைக்கிறவை எல்லா வீட்டிலும் இருக்கினம்."

தகப்பன் எழும்பினார். "நல்ல வளப்பு" எண்டார் ஐயாவைப் பாத்து. "பெட்டைக்கு வாய் காது வரைக்கும் கிடக்கு. உதை ஆர் கட்டுறானோ, அவன்ரை பாடு சரி." சப்பாத்தைப் போடாமல் கையிலை தூக்கிக்கொண்டு போனார். படலை அடிச்சுச் சாத்தின சத்தத்துக்கு அடுத்த வளவு நாய் குரைக்கத் துவங்கினது.

பிறகு ஐயா. அவர் ஆடின சன்னதத்தை நான் என்னெண்டு சொல்ல! "கண்டறியாத படிப்பு! கண்டறியாத அகராதி! மானத்தை வாங்கிப்போட்டாளே! இனி இவள் வீட்டுப் படலை தாண்டட்டும் பாப்பம். பள்ளிக்கூடமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. கிடக்கட்டும் குசினிக்கை!" வந்த சம்மந்தத்தைக் கலைச்சதிலை எனக்கு ஒரு துக்கமும் இல்லை. ஆனால் திங்கக்கிழமையையும் நானே என்ரை வாயாலை கெடுத்துப்போட்டன். அழுகை வந்தது. அவருக்கு முன்னாலை அழக்கூடாதெண்டு பல்லைக் கடிச்சுக்கொண்டு நிண்டன்.

ஐயா வழக்கம்போலை குசினிப் பக்கம் திரும்பினார். "இவள் இனி வீட்டோடைதான். என்ன, சரிதானே?"

குசினிக்கையிருந்து குரல் வரேல்லை.

"இஞ்சரும், கேக்குதோ? சரிதானே எண்டு கேக்கிறன்."

அம்மா வெளியிலை வந்தா. முழங்கை வரைக்கும் மா. அப்பதான் குழைச்சுக்கொண்டு நிண்டவ. நான் சொன்னதெல்லாம் கதவுக்குப் பின்னாலை நிண்டு கேட்டிருக்கிறா. அவ கோவிச்சு நான் ஒருநாளும் கண்டதில்லை, அண்டைக்கும் அவ சத்தம் போடேல்லை. என்னை ஒருக்கால் பாத்தா, பிறகு ஐயாவுக்கு நேரை வந்து நிண்டா.

"இஞ்சருங்கோ. ஊர் உலகத்திலை உள்ள சொல்லுக்கெல்லாம் வேர் தேடுறியள். உங்களைக் கட்டின நாளிலையிருந்து நீங்கள் கேட்டதுக்கெல்லாம் நான் ஓம் எண்டு சொல்லிக்கொண்டு வாறன். அந்த ஓம் எங்கையிருந்து வருகுது எண்டு ஒருநாளாவது கேட்டனீங்களோ?"

அம்மாவே மறுமொழியையும் சொன்னா.

"பயத்திலை வந்தது. வேறை இடத்திலையிருந்து இல்லை. இவளை மறிக்கேக்கையும் பயத்திலைதான் சொன்னனான். பிறகு ராவிலை பிள்ளை அழுகிறதைக் கேட்டுக்கொண்டு கிடந்தன். இனி எனக்கு ஏலாது. இவள் திங்கக்கிழமை பள்ளிக்கூடம் போகவேணும். நான் உங்களுக்குச் சொன்ன ஓம் எவ்வளவு! இண்டைக்கு நீங்கள் எனக்கு ஒருக்கால் சொல்லுங்கோ."

அவவின்ரை கையிலையிருந்து மா நிலத்திலை உதிர்ந்துகொண்டிருந்தது. ஐயா அதைப் பாத்தார். அலுமாரியைப் பாத்தார். சட்டம்பியார் வந்து விகாரம் சொல்ல அது ஞாயிற்றுக்கிழமையுமில்லை. கதிரையை எட்டிப் பிடிச்சார்.

பிறகு, "ஓம்" எண்டார். அந்த வீட்டிலை அவர் அம்மாவுக்கு அந்தச் சொல்லைச் சொல்லி நான் கேட்டது அண்டைக்குத்தான். அதுக்கு வேர் ஒண்டும் சொல்லேல்லை.

அம்மா திரும்பிக் குசினிக்கை போனா. மிச்ச மாவையும் குழைச்சு முடிச்சா. திங்கக்கிழமை காலமை நான் அந்தப் பிட்டைத்தான் கட்டிக்கொண்டு போனன் எண்டு சொன்னால் கதைக்கு வடிவாய் இருக்கும். அது பொய், அந்தப் பிட்டை அண்டைக்குப் பின்னேரமே சாப்பிட்டு முடிச்சிட்டம். திங்கக்கிழமை பாணும் சம்பலும். படலையைத் திறந்து விட்டது ஐயா.